பாப்பாவின் போன் அழிந்த விதம்

அந்த வீடியோவைக் கொஞ்சம் நிறுத்துங்கள் தம்பி. தப்பாக நினைக்காதீர்கள், பக்கத்து சீட்டுக்காரர் போனை எட்டிப் பார்க்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. திண்டுக்கல்லில் ஏறியதிலிருந்து அதையே மூன்றாவது தடவையாக ஓட்டுகிறீர்கள், காதில் விழுகிறது, அதனால் சொல்கிறேன். 'ரெண்டே நிமிஷம், உங்க போன் பறக்கும்' என்கிறானே, அவனுக்கு என்ன, அது கெட்டால் மறுநாள் இன்னொன்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுவான். உங்களுக்கு இருப்பது இது ஒன்றுதானே?

என்ன மாடல், காட்டுங்கள். பெயரைச் சொல்லாதீர்கள், பெயரை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. செட்டிங்ஸில் கீழே போனால் ஒரு நம்பர் இருக்கும், அதுதான் கணக்கு. ஒரே பெயரில் நாலு போன் விற்கிறான், உள்ளே நாலும் வேறு வேறு. ஒன்றுக்கு உண்டான பைலை இன்னொன்றில் ஏற்றினீர்கள் என்றால் அப்புறம் அது சோப்புக்கட்டிதான். சார்ஜைப் பாருங்கள், முப்பத்திரண்டு. மடியில் லேப்டாப். கேபிள் எங்கே வாங்கியது, பஸ் ஸ்டாண்ட் கடையிலா? நினைத்தேன். இந்த ஒட்டன்சத்திரம் ரோட்டில் ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கி அந்தக் கேபிள் அசைந்தால் போதும், பாதியில் நின்றுவிடும். வீட்டுக்குப் போய் முழு சார்ஜ் போட்டு, ஆடாத மேஜையில் வைத்துச் செய்யுங்கள்.

ரூட் செய்யாதீர்கள் என்று சொல்லவில்லை. நானே நாற்பது ஐம்பது போன் செய்து கொடுத்திருக்கிறேன். நம் பணம் போட்டு வாங்கிய பொருளில் நமக்கே ஒரு அறையைப் பூட்டி வைத்திருக்கிறான், அந்தச் சாவிதான் ரூட். எனக்கும் அந்தக் கோபத்தில்தான் இதில் ஆசை வந்தது. ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறது. பூட்லோடர் என்று ஒரு முதல் பூட்டு இருக்கிறது, அதைத் திறந்தவுடனே போனில் இருப்பது எல்லாம் அழியும், கம்பெனிக்காரனே அப்படித்தான் வைத்திருக்கிறான். அதனால் முதலில் போட்டோ, நம்பர், எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் எடுத்து வைக்க வேண்டும். போனுக்குள்ளேயே இன்னொரு போல்டரில் காப்பி பண்ணிவிட்டு 'பேக்கப் எடுத்துட்டேன் அண்ணே' என்று வந்து நிற்பார்கள். அவர்களை என்ன சொல்வது. அதற்கப்புறம்தான் ரெக்கவரியை மாற்றுவது. ரெக்கவரி என்பது பின்வாசல் தம்பி. போன் எழுந்திரிக்கவில்லை என்றால் அந்த வழியாக உள்ளே போய்த் தட்டி எழுப்பலாம். கம்பெனி வைத்திருப்பது சின்னக் கதவு. நாம் அதை எடுத்துவிட்டுப் பெரிய கதவாக வைக்கிறோம். ஆனால் பெரிய கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. போன் யார் கையில் இருக்கிறதோ அவர் உள்ளே போகலாம். உங்கள் வீடியோக்காரன் இதைச் சொல்லியிருக்கமாட்டான்.

நான் கடை வைத்திருக்கவில்லை. வேடசந்தூர்ப் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் ஜெனரேட்டர் ஆபரேட்டர். பத்தொன்பது வருஷமாக நைட் ஷிப்ட். கரண்ட் போனால் எழுந்து ஓட வேண்டும், போகாத நேரமெல்லாம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அப்படி உட்கார்ந்து உட்கார்ந்து படித்ததுதான் இதெல்லாம். பன்னிரண்டாவது பெயில். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் முழுக்க போன் என்னைத் திட்டித் திட்டிச் சொல்லிக் கொடுத்த இங்கிலீஷ். பகலில் தூங்க வேண்டியவன், தூக்கம் வராது, எதையாவது கழற்றிக்கொண்டிருப்பேன். என் பெண்சாதி பொன்ராணி கேட்பாள், 'உங்களுக்குக் கை சும்மாவே இருக்காதா?' என்று. இருக்காது. சும்மா இருந்தால் மனசு எங்கேயாவது போய்விடும்.

என் கையில் ஒரே ஒரு போன்தான் கெட்டுப்போனது தம்பி. அதுவும் என் தப்பில்லை. ஆனால் ஊரில் என்ன பேசுகிறார்கள் தெரியுமா? சங்கிலிமுத்து வேண்டும் என்றே அழித்துவிட்டான் என்கிறார்கள். சங்கிலிமுத்து என்பது நான்தான். என் கூடப் பிறந்த அண்ணனே அப்படிச் சொன்னார். பத்து மாதமாக ஒரு ஆள் போனைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுப் படி ஏறவில்லை. நீங்கள் படித்தவர், கேட்டுவிட்டுச் சொல்லுங்கள், என் தப்பா என்று.

எனக்கு ஒரே பெண். தர்ஷினி. வீட்டில் பாப்பாதான். டிகிரி முடித்துவிட்டுத் திண்டுக்கல்லில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அந்தக் கடைக்கு லென்ஸ் கொண்டுவந்து கொடுக்கிற ஒரு பையன். எந்த ஊர், என்ன ஆள் என்பதெல்லாம் வேண்டாம், நம் ஆள் இல்லை, அவ்வளவு போதும். போன ஐப்பசியில் ஒரு புதன்கிழமை, நான் ஷிப்ட் முடிந்து வருகிறேன், பாப்பா இல்லை. தையல் மெஷின் மேல் அவள் போன் இருக்கிறது. பக்கத்தில் சிம்மை இரண்டாக உடைத்து வைத்திருக்கிறாள். டவரை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடலாம் என்று நான்தான் ஒரு நாள் சாப்பிடும்போது விளக்கிச் சொன்னேன். சொன்னதைக் கவனித்திருக்கிறாள் பாருங்கள். நான் சொல்வதை அந்த வீட்டில் யாரும் கேட்பதில்லை என்றுதான் அதுவரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஸ்டேஷனுக்குப் போனோம். 'பொண்ணு மேஜர்ங்க. இஷ்டப்பட்டுத்தான் போறேன், தேட வேண்டாம்னு எழுதிக் கொடுத்திருக்கு' என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மறுநாள் என் அண்ணன் துரைச்சாமி வந்துவிட்டார். தோப்பு, காடு என்று வசதியான ஆள், அப்பா போன பிறகு எங்களுக்கு அவர்தான் எல்லாம். காரில் இன்னும் மூன்று பேர். எங்கள் வாசலில் ஆறு நாள் நின்றது அந்தக் கார். பேசிக் கூட்டிக்கொண்டு வரத்தான் தம்பி. பேசுவதற்கு எதற்கு நாலு பேர் என்று பொன்ராணி கேட்டாள். பெண்களுக்கு இதெல்லாம் புரியாது. பின் சீட்டுக்குக் கீழே சாக்கில் ஏதோ சுற்றி வைத்திருந்தார்கள், அதைப் பார்த்துவிட்டு வந்து அதையும் கேட்டாள். தோப்பு வைத்திருக்கிற ஆள், வண்டியில் அரிவாள் இல்லாமல் இருக்குமா? அதைச் சொன்னேன். சரி என்று போய்விட்டாள். அதற்கப்புறம் அந்தக் காரைப் பற்றி அவள் எதுவுமே கேட்கவில்லை.

அண்ணன்தான் என்னை உசுப்பிவிட்டது. 'ஊரே போனைத் தூக்கிட்டு உன்கிட்ட வருது. உன் புள்ள போனை உன்னால திறக்க முடியல. என்னடா பெரிய போன்காரன் நீ?' நாலு பேர் முன்னால் சொன்னார். வாங்கிக்கொண்டேன். போனில் அந்தப் பையன் எங்கே தங்கியிருக்கிறான், யார் சேர்த்து வைத்தார்கள், எல்லாம் இருக்கும். பேட்டர்ன் பூட்டுதான் குறுக்கே நிற்கிறது.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். வேறு ஆளாக இருந்தால் அந்தப் போனை அன்றைக்கே கெடுத்திருப்பான். அது முதலில் என் போன். வாங்கிய வாரமே பூட்லோடரைத் திறந்துவிட்டேன், அப்புறம்தான் பாப்பாவுக்குக் கொடுத்தது. அதனால் இப்போது புதிதாகத் திறந்து எல்லாவற்றையும் அழிய விடுகிற வேலை இல்லை. நேராக ரெக்கவரியை ஏற்றினால் போதும். முழு சார்ஜ், ஒரிஜினல் கேபிள், சரியான பைல், இரண்டு தடவை சரிபார்த்தேன். ஏறிவிட்டது, ஒரு எழுத்து அழியவில்லை. அண்ணனிடம் காட்டினேன். 'பாப்பா எங்கேன்னு காட்டுதா?' என்றார். இன்னும் இல்லை அண்ணே, கதவு திறந்துவிட்டது, உள்ளே பெட்டி பூட்டியிருக்கிறது, அதற்கும் அதே பேட்டர்ன்தான் கேட்கிறது என்று சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார்.

ஒன்பது புள்ளி தம்பி. அதில் ஒரு கோடு. என் பெண், இருபத்திரண்டு வருஷம் என் வீட்டில் வளர்ந்தவள், எப்படிக் கோடு போடுவாள் என்று எனக்குத் தெரியவில்லை. அவள் பெயரின் எழுத்தைப் போட்டேன், இல்லை. அந்தப் பையன் பெயரின் எழுத்தைப் போட்டேன், போடும்போது எனக்குக் கை கூசியது, அதுவும் இல்லை. சின்னப் பிள்ளையில் அவள் ஸ்லேட்டில் வீடு வரைவாள், கூரையில் ஆரம்பித்துக் கீழே வருவாள், அது ஞாபகம் வந்தது. அதையும் போட்டேன். இல்லை. நான் பகலில் தூங்கி ராத்திரி வேலைக்குப் போகிறவன், அவள் ராத்திரி தூங்கிப் பகலில் வெளியே போகிறவள். கணக்குப் பார்த்தால் ஒரு நாளைக்கு அரை மணி நேரம் பார்த்திருப்போம்.

பொன்ராணி பக்கத்திலேயே உட்கார்ந்து காய் நறுக்குவாள். பாவம், அவளும் உதவி செய்யப் பார்த்தாள். 'மேலேர்ந்து கீழ இழுத்து வலது பக்கம் வளைப்பா, நான் பார்த்திருக்கேன்' என்றாள். போட்டேன், தப்பு. தப்பு ஏற ஏற காக்க வைக்கிற நேரமும் ஏறும் என்று அவளுக்கு விளக்கினேன், முதலில் அரை நிமிஷம், அப்புறம் ஐந்து, பத்து என்று கூடிக்கொண்டே போகும், நிறையத் தப்பு செய்தால் மணிக்கணக்கில் உட்கார வேண்டும் என்று. 'அப்படியா?' என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, 'இல்லங்க, நடுவுல ஆரம்பிப்பா' என்றாள். அதுவும் தப்பு. மறுநாள் இன்னும் நாலைந்து சொன்னாள். அப்புறம் ஞாபகம் வர வரச் சொல்லிக்கொண்டே இருந்தாள். எல்லாம் தப்பு. பெற்றவளுக்கு அந்த நேரத்தில் மூளை வேலை செய்யுமா, நான் கோபப்படவில்லை.

சொன்னால் சிரிப்பீர்கள், அந்த ஆறு நாள்தான் எனக்கும் அவளுக்கும் பேச்சு நன்றாக இருந்தது. இருபத்து நாலு வருஷத்தில் என் வேலையைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்டதில்லை. இப்போது கேட்டாள். ஸ்க்ரீனில் இருக்கிற ஒவ்வொன்றும் என்ன என்று கேட்டாள். நானும் காட்டினேன். இது பேக்கப், இது ஏற்றுவது, இது மட்டும் தொடவே கூடாது என்று. 'தொட்டா என்ன ஆகும்?' 'உள்ளே இருக்கிறது மொத்தமும் போயிடும்.' 'தெரியாம கை பட்டுட்டா?' 'படாது. அதுக்குத்தான் எழுத்து கேக்கும். ஒய், ஈ, எஸ், மூணு எழுத்து தட்டணும். அப்பத்தான் அழிக்கும்.' எங்கே தட்ட வேண்டும் என்றும் காட்டினேன். பாதுகாப்புக்காகத்தான். தெரிந்து வைத்துக்கொண்டால் தெரியாமல் தொடமாட்டாள் இல்லையா.

'போனதைத் திரும்ப எடுக்க முடியுமா?' என்றாள். 'கம்பெனிக்காரனே வந்தாலும் முடியாது' என்றேன். 'நீங்க?' என்றாள். 'நானும்தான்.' கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். 'அப்ப ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும்' என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆறாம் நாள் சாயங்காலம் பிடித்துவிட்டேன் தம்பி. எப்படி என்கிறீர்களா? போன் மேல் ஒட்டியிருந்த கண்ணாடி. இரண்டு வருஷம் ஒரே கோட்டை இழுத்த விரல் அதில் தேய்மானத்தை விட்டிருக்கும் இல்லையா. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன், லேசாக, மயிரிழை மாதிரி தெரிந்தது. நடுவிலும் ஆரம்பிக்கவில்லை, வலது பக்கமும் வளையவில்லை. பொன்ராணி சொன்ன எதுவும் இல்லை. இந்த முனையில் ஆரம்பமா அந்த முனையில் ஆரம்பமா, அது மட்டும்தான் சந்தேகம். இரண்டே தடவைதான் போட வேண்டும். ஆனால் அதற்குள் நூற்றுச் சொச்சம் தப்பு செய்திருந்தோம், அது விடியும் வரைக்கும் காத்திரு என்கிறது. போனை அணைத்தால் அந்தக் கணக்கு முதலிலிருந்து ஓடும். அதனால் அணைக்கவில்லை. ரெக்கவரியில் அப்படியே ஓட விட்டு, சார்ஜ் போட்டு, தையல் மெஷின் மேல் வைத்தேன். அண்ணனுக்குச் சொன்னேன். 'காலையில ஏழு மணிக்கு வண்டியோட நிக்கிறோம். நீ கோட்டைப் போடு, நாங்க கிளம்புறோம்' என்றார். என் தோளில் கை வைத்தார். அப்பா போன பிறகு அவர் என்னைத் தொட்டது அன்றைக்குத்தான். பொன்ராணி எனக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்தாள். மில் வண்டி வந்தது, போய்விட்டேன்.

காலையில் வந்தேன். கார் வாசலில் நிற்கிறது, நாலு பேரும் முகம் கழுவிக் காபி குடித்துக்கொண்டிருக்கிறார்கள். நான் நேராக உள்ளே போய்ப் போனை எடுத்தேன். பேட்டர்ன் கேட்கவில்லை. எடுத்த எடுப்பில் உள்ளே விடுகிறது. உள்ளே ஒன்றுமில்லை தம்பி. ஆன் பண்ணினால் 'வெல்கம்' என்கிறது. மொழியைத் தேர்ந்தெடு என்கிறது. புதுப் போன் மாதிரி.

அண்ணன் வாங்கிப் பார்த்தார். போனைத் திரும்ப என் கையில் வைத்தார். 'நீயே அழிச்சுட்டு எங்ககிட்ட நடிக்கிறியாடா?' என்றார். நான் சத்தியம் செய்தேன். 'உன்னைத் தவிர இந்த வீட்ல வேற யாருக்கு இந்த வேலை தெரியும்?' என்றார். அதுதானே உண்மை. கார் போய்விட்டது. அன்றைக்குப் பேச்சை விட்டவர்தான்.

பொன்ராணியிடம் கேட்டேன், ராத்திரி கரண்ட் போனதா என்று. 'போச்சுங்க. ரெண்டு மூணு தடவை போய்ப் போய் வந்துச்சு' என்றாள். அப்படித்தான் ஆகியிருக்க வேண்டும். போய்ப் போய் வரும்போது சார்ஜர் அடித்திருக்கும், அடித்ததில் உள்ளே எல்லாம் குழம்பிப்போயிருக்கும். நான் என்ன செய்ய முடியும்? அவளும் என்னைக் குறை சொல்லவில்லை. அது ஆச்சரியம்தான். ஒரே பெண்ணைத் தேட இருந்த ஒரே வழி போய்விட்டது, ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. அத்தனை நாள் உட்கார்ந்தே இருந்தவள், அன்றைக்கு மத்தியானம் படுத்து நன்றாகத் தூங்கினாள். அதிர்ச்சியில் சிலருக்கு அப்படித்தான் தூக்கம் வரும்.

என்ன கேட்டீர்கள்?

ஆமாம். பேட்டரி நிறைய இருந்தது. நூறு இருந்தது.

கரண்ட் போனால் போனுக்கு என்ன என்கிறீர்கள். ஒன்றும் ஆகாதுதான். பேட்டரியில் ஓடும். இருந்தாலும் மலிவு சார்ஜர், சில நேரம்...

கொஞ்சம் இருங்கள், ஜன்னலைத் திறந்துவிடுகிறேன். காற்றே இல்லை.

உங்களிடம் சொல்கிறேன், இதை நான் அண்ணனிடம் சொல்லவில்லை. எங்கள் வீட்டுக்கும் மில்லுக்கும் ஒரே சப் ஸ்டேஷன்தான். ஊரில் போனால் மில்லிலும் போகும். போனால் நான்தான் ஜெனரேட்டரைப் போட வேண்டும், போட்ட நேரத்தை நோட்டில் எழுத வேண்டும். அன்று ராத்திரி நான் ஜெனரேட்டரைத் தொடவில்லை. 'இல்லை' என்று என் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பத்து மாதமாக அந்த நோட்டு அங்கேதான் இருக்கிறது, தினமும் அதில்தான் எழுதுகிறேன். அந்த நாள் பக்கத்தை மட்டும் திருப்பிப் பார்த்ததில்லை.

அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது தம்பி. எட்டாவது வரைக்கும்தான். மூன்று எழுத்து... மூன்று எழுத்து தெரியாமலா இருக்கும். நான்தானே காட்டினேன்.

விடுங்கள். அது முடிந்துபோன கதை. இப்போது அண்ணன் பேசிவிட்டார். அதைச் சொல்லத்தான் வந்தேன், நேற்று அவராகவே போன் செய்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. உடுமலைக்குப் போய்விட்டு வா என்றார். பொன்ராணி அங்கேதான் இருக்கிறாள், அவளுடைய ஒன்றுவிட்ட அக்கா வீட்டில். அக்கா மகளுக்குப் பிரசவம், பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று போனாள், பதினெட்டு நாளாகிறது. பூண்டு, பழைய பருத்திப் புடவை, பிரசவ மருந்து என்று இரண்டு பை நிறையத் தூக்கிக்கொண்டு போனாள். 'நீங்க வர வேண்டாம், ஷிப்டைப் பாருங்க' என்று பஸ் கிளம்புகிற வரைக்கும் சொன்னாள். பாப்பா பிறந்தபோது போட்ட வெள்ளிக் கொலுசு பீரோவில் இருந்தது, அதையும் காணோம், அதுவும் அந்தக் குழந்தைக்குத்தான் போல. கை தாராளம் அவளுக்கு.

அண்ணன் என்ன சொன்னார் என்றால், 'அந்த அக்கா மகளுக்கு ரெண்டு புள்ளையோட ஆபரேஷன் பண்ணியாச்சேடா. நாலு வருஷம் ஆச்சு. இப்ப யாருக்குப் பிரசவம்? நீ போய்ப் பாரு. பார்த்துட்டு அங்கேர்ந்து லொக்கேஷனை அனுப்பு. நாங்களும் வந்து புள்ளையைப் பார்க்கிறோம்' என்றார். குழந்தை பார்க்க வருகிறேன் என்கிறார். நல்ல மனசு இல்லையா? அவருக்கு அந்த வீடு தெரியாது. எனக்குத்தான் வழி தெரியும். அதனால்தான் லீவு போட்டுவிட்டு ஏறினேன்.

எத்தனை பேர் வருவீர்கள் என்று நான் கேட்கவில்லை.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழி, தை... இது ஆவணி. சரி.

நீங்கள் ஏன் இப்படிப் பார்க்கிறீர்கள் தம்பி? நான் ஒன்றும் தெரியாத ஆள் இல்லை. நூற்றுச் சொச்சம் தப்பு செய்து பார்த்த ஆள். ராத்திரி முழுக்க ஒரு மெஷின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு யோசிக்க நேரமா இல்லை. யோசிக்காமல் இருப்பதற்குத்தான் அவ்வளவு போன் கழற்றியது. வீட்டுக்குப் போய், வாசலில் நின்று, யார் இருக்கிறார்கள் என்று கண்ணால் பார்த்துவிட்டேன் என்றால் முடிந்தது. அப்புறம் அண்ணன் கேட்டால் தெரியாது என்று சொல்ல முடியாது. எனக்குப் பொய் வராது, அவர் முகத்தைப் பார்த்து எனக்கு இதுவரை ஒரு பொய் வந்ததில்லை. பொன்ராணிக்குத் தெரியும் அது. அதனால்தான் என்னிடம் சொல்லாமலே வைத்திருக்கிறாள். பத்து மாதம், ஒரே வீட்டில், சோறு போட்டுக்கொண்டு.

இது எந்த இடம்? பழனியா? பத்து நிமிஷம் நிற்கும் இங்கே. டீ ஏதாவது குடிக்கிறீர்களா?

போன் அடிக்கிறது பாருங்கள், அவர்தான். அண்ணன். ஒரு நிமிஷம். இல்லை, நீங்கள் எழுந்திரிக்க வேண்டாம், இருங்கள். நீங்கள் பக்கத்தில் இருந்தால் தேவலை.

'அண்ணே. சொல்லுங்கண்ணே. ... ஆமாண்ணே, விடிகாலை வண்டிக்கே வந்துட்டேன். ... பார்த்துட்டேன். பார்த்துட்டு இப்பத்தான் பஸ் ஸ்டாண்டுக்கு வர்றேன், சத்தம் கேக்குதுல்ல. ... இல்லண்ணே, அக்கா மகளுக்கு இல்ல. அவ நாத்தனாருக்கு. நமக்கு விவரம் தப்பா வந்துருக்கு. அவங்க வீட்ல ஆள் இல்லைன்னு இங்க வச்சுப் பார்க்கிறாங்க. ... பொம்பளப் புள்ள. ... ஆமா, கையில வாங்குனேன். நல்லாத்தான் இருக்கு, கொஞ்சம் எடை கம்மி. கண்ணு முழிக்கல, தூங்கிட்டு இருந்துச்சு. ... லொக்கேஷனா? அந்தச் சந்துல டவரே இல்லண்ணே. வேற எங்கயோ காட்டுது. உங்க போன் மாடலுக்கு அது சரியா வராது, நான் சொன்னா நம்புங்க, இது என் வேலை. ... வர வேண்டாம்ணே. தெரியாத வீடு, எதுக்கு அவ்வளவு தூரம். ... யாரு ஜாடையா?'

'அவங்க ஜாடைதாண்ணே. நம்ம ஜாடை ஒரு துளி இல்ல.'

'சரிண்ணே. வச்சுடுறேன்.'

குரல் நடுங்கியதா தம்பி? உண்மையைச் சொல்லுங்கள். நடுங்கினால் அவர் கண்டுபிடித்துவிடுவார். கடைசியில் கொஞ்சம் இறங்கியது, எனக்கே தெரிந்தது. அதற்கு முன்னால்?

சரி. நீங்கள் சொன்னால் சரி.

அந்தப் பையை எடுத்துக் கொடுங்கள், மேலே இருப்பது. அதோ எதிரே திண்டுக்கல் வண்டி நிற்கிறது, அதைப் பிடித்தால் ஷிப்டுக்கே போய்விடலாம். நான் உடுமலை வரைக்கும் டிக்கெட் எடுத்திருக்கிறேன், கண்டக்டர் என்னைத் தேடுவார். கேட்டால், அந்த ஆள் வண்டி மாறி ஏறிவிட்டார் என்று சொல்லிவிடுங்கள்.